கரையும் விளக்கு

நம் வட்டத்தின் கவியரங்குகளில் இந்தப் பத்தாண்டுகளில் மிகுதியாக ஏற்றப்பட்ட விளக்கு எது என்று கணக்கெடுத்தால், குத்துவிளக்குக்கு இரண்டாம் இடம்தான் கிடைக்கும். முதலிடம் கலங்கரை விளக்கத்துக்கே. தலைவரைப் பாடினாலும், ஆசிரியரைப் பாடினாலும், தாயைப் பாடினாலும் மூன்றாம் அடியிலோ நான்காம் அடியிலோ அது எழுந்து நின்றுவிடுகிறது. யானும் அக்குற்றத்துக்கு விலக்கானவன் அல்லேன். ஆயினும் அச்சொல்லை ஓயாமல் எடுத்தாளும் நம்மில் பலர் அதைத் தவறாகவே பிரித்துக்கொள்கிறோம். கலம் வந்து சேரும் கரை கலங்கரை. அக்கரையில் நிற்கும் விளக்கு கலங்கரை விளக்கம் என்று ஒரு மேடையில் விளக்கம் சொன்னவரை அவையே கைதட்டிப் பாராட்டியதைக் கண்டிருக்கிறேன்.

இங்கே கரை என்பது நிலத்தின் விளிம்பு அன்று. அஃது ஒரு வினை. கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்னும்போது நாம் இன்றும் அவ்வினையைத்தான் வழங்குகிறோம். தன் இனத்தைக் கூவி அழைத்து உண்ணும் காக்கையை வள்ளுவர் காட்டும் இடத்திலும் இவ்வினையே வருகிறது. விருந்து வருவதைக் காக்கை முன்னறிவித்ததாகப் பாடிய நச்செள்ளையார்க்குக் காக்கைபாடினியார் என்ற பெயரே நிலைத்தது. ஆகக் கலங்களைக் கரையும் விளக்கம் கலங்கரை விளக்கம். இலக்கணம் பயின்றோர் இதனை வினைத்தொகை என்று உடனே கண்டுகொள்வர். கரைந்த விளக்கம், கரைகின்ற விளக்கம், கரையும் விளக்கம் என மூன்று காலமும் அதனுள் அடங்கும். கரைதலுக்கு உருகி மறைதல் என்னும் பொருளும் உண்டு. நம் கடற்கரையில் நின்ற விளக்குகளின் வரலாற்றைப் படிக்குந்தோறும் இந்த இரண்டாம் பொருளும் என் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது.

இவ்வினையைக் கடலோடு சேர்த்துக் கண்டவர் பெரும்பாணாற்றுப்படை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார். தொண்டைமான் இளந்திரையனின் நாட்டுக்குப் பாணனை வழிகாட்டி அனுப்பும்போது நீர்ப்பெயற்று என்னும் துறையை அவர் வருணிக்கிறார். அங்கே வானத்துக்கு முட்டுக்கொடுத்த தூண்போல ஒரு மாடம் நிற்கிறது. அதன் உச்சி ஏறுதற்கு அரியது. ஏணி சார்த்தித்தான் ஏறவேண்டும். மேற்கூரை வேயப்படவில்லை. அங்கே இரவில் மூட்டிய தீ, கடற்பரப்பில் ஓடும் கலங்களை அழைக்கிறது. புலவர் இங்கே கற்பனையைக் காட்டிலும் கண்ணையே மிகுதியாக நம்பியிருக்கிறார் என்பது என் கருத்து. கூரை வேயாமல் விட்டது ஏன் என்று கேட்டுப்பாருங்கள்: திறந்த தீக்கு மேலே ஓலைக் கூரை எப்படி நிற்கும்? ஏணி எதற்கு? ஒவ்வொரு மாலையும் ஒருவன் விறகைச் சுமந்துகொண்டு ஏறவேண்டும். அந்த ஒருவனைப் புலவர் பாடவில்லை. ஏணியை மட்டும் நமக்காக விட்டுச் சென்றிருக்கிறார்.

சிலப்பதிகாரத்தில் இவ்விளக்கு தனியே நிற்கவில்லை. கடலாடு காதையில் இந்திரவிழாவின் முடிவில் கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரைக்கு வருகின்றனர். இருட்டில் அக்கரையே விளக்குகளின் ஊராகத் தெரிகிறது. வண்ணமும் சாந்தும் பூவும் விற்போர் விளக்கு, கம்மியர் விளக்கு, மோதகம் விற்போர் விளக்கு, அப்பம் சுடுவோர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு, திமிலில் ஏறி மீன்பிடிக்கும் பரதவர் விளக்கு, வேற்றுமொழி பேசும் நாட்டார் அணையாது வைத்த விளக்கு, பண்டசாலைக் காவலர் விளக்கு என அடுக்கிக்கொண்டே செல்லும் இளங்கோ, அவ்வரிசையின் நடுவே கலங்கரை விளக்கத்தையும் ஒன்றாக வைத்துவிட்டு நகர்கிறார். சிறப்பு அடைமொழி எதுவும் அதற்குக் கிடையாது. அப்பக்காரியின் அகலுக்கு எந்த இடமோ அதற்கும் அந்த இடமே. அந்தக் கரையில்தான் கானல்வரி பாடப்படுகிறது. கோவலன் மாதவியை விட்டுப் பிரிகிறான். கலங்களை அழைக்கும் விளக்கின் அடியிலேயே ஒருவன் விலகிப் போகிறான். இதைக் காப்பியத்தின் உட்பொருளென்று நான் வற்புறுத்த வரவில்லை. படிக்கும்போது தோன்றியதைச் சொன்னேன்.

நம் முன்னோரின் விளக்கு வா என்றது. மேலைக் கடல்களில் எழுந்த புகழ்பெற்ற விளக்குகள் பலவும் வராதே என்றன. இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்துக்குத் தெற்கே 14 மைல் அளவில் எடிஸ்டோன் என்னும் பாறைக்கூட்டம் உள்ளது. கடல் ஏறும்போது அது நீருக்குள் மறைந்துவிடும். அதன்மேல் 1698-இல் முதல் விளக்கை எழுப்பிய ஹென்றி வின்ஸ்டன்லி, உலகின் மிகப் பெரிய புயல் வரும்போது தான் அதனுள் இருக்கவேண்டும் என்று விரும்பியதாகச் சொல்வர். 1703 நவம்பரில் அப்புயல் வந்தது. அவர் உள்ளேதான் இருந்தார். காலையில் கோபுரமும் இல்லை, அவரும் இல்லை. அடுத்து மரத்தால் எழுந்த கோபுரம் 1755-இல் எரிந்துபோயிற்று. மூன்றாவதைக் கட்டிய ஜான் ஸ்மீட்டன் கருவாலி மரத்தின் அடிப்பருமனை மாதிரியாகக் கொண்டு, கற்களை ஒன்றோடொன்று கொளுவி, நீருக்குள்ளும் இறுகும் சுண்ணாம்பைத் தேடிக் கண்டு, 1759-இல் 24 மெழுகுவர்த்திகளோடு அதை ஏற்றினார். அது நூறாண்டுகளுக்கு மேல் நின்றது. கோபுரம் தளரவில்லை; அடியிலிருந்த பாறைதான் அரிக்கப்பட்டது. 1882-இல் புதிய கோபுரம் பக்கத்தில் எழுந்தபின் ஸ்மீட்டனின் மேற்பகுதியைப் பிரித்தெடுத்துப் பிளிமத் ஊரிலேயே நிறுத்தி வைத்தார்கள். அந்நாட்டார் பழைய விளக்கைக் காப்பாற்றிய முறை அது. நாம் என்ன செய்தோம் என்பதற்கு நாகப்பட்டினம் போகவேண்டும்.

இரவில் எரிவது மட்டும் வழிகாட்டி அன்று. பகலில் கடலிலிருந்து பார்க்கும் மாலுமிக்குத் தாழ்ந்த மணற்கரை முழுதும் ஒரே கோடுதான். எது எந்த ஊர் என்று தெரியாது. அக்கோட்டுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் ஒரு கோபுரம் அவனுக்கு ஊர்ப்பெயர் போன்றது. சோழமண்டலக் கரையில் கடலோடிகள் அப்படிப் பயன்படுத்திய கட்டடங்களுள் ஒன்று நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஒன்றிரண்டு மைல் தொலைவில் நின்ற செங்கற் கோபுரம். ஊரார் அதைப் புதுவெளிக் கோபுரம் என்றனர். ஐரோப்பியர் சீனக் கோயில் என்றனர். சிலர் சமணக் கோயில் என்றும் எழுதினர். நாகையில் ஸ்ரீவிஜய மன்னன் மாற விஜயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரால் எடுத்த சூடாமணி விகாரமும், அதற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்ததும் செப்பேட்டால் அறியப்பட்டவை. புதுவெளிக் கோபுரம் அவ்விகாரத்தோடு தொடர்புடையதா, பின்னே வந்த சீன வணிகர் எடுத்ததா என்பதில் ஆய்வாளர் ஒருமித்துச் சொல்வதில்லை. 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான் ஒரு மண் கோபுரத்தைக் குறிப்பிட்டு, அதில் 1267-ஆம் ஆண்டைச் சுட்டும் சீன எழுத்து இருந்ததாக எழுதியுள்ளார். அது நாகைக் கோபுரமே என்பர் பலர்.

1846-இல் அங்கே சென்ற வால்டர் எலியட், மூன்று நிலைகளோடு, உள்ளே தளங்கள் சரிந்து வெறுங்கூடாக நின்ற அக்கோபுரத்தைக் கண்டார். பின்னாளில் அதுபற்றிக் கட்டுரையும் எழுதினார். நாகைத் துறையை நோக்கி வரும் கப்பல்களுக்கு அது நல்ல அடையாளமாயிருந்தது. ஆனால் அவர் கட்டுரை வெளிவந்தபோது கோபுரம் இல்லை. அங்கே இடம்பெற்ற இயேசு சபையார் அதை இடித்துச் செங்கற்களைத் தம் கல்லூரிப் பணிக்குப் பயன்படுத்திக்கொள்ள அரசிடம் அனுமதி கேட்டனர். 1867-இல் அனுமதி கிடைத்தது. தமிழ்நாட்டில் பௌத்தம் விட்டுச்சென்ற கடைசிப் பெருங்கட்டடங்களுள் ஒன்று அவ்வாறு போயிற்று. பௌத்த வரலாறு எழுதியோர் இதை வருந்தி எழுதியுள்ளனர். கடல்வழி வரலாறு எழுதுவோரும் வருந்தவேண்டிய நிகழ்ச்சி இது. இடித்தவர்களை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. அதனடியில் நடமாடிய ஊரும் அதைத் தன்னுடையதென்று கருதவில்லை. பௌத்தர் மறைந்தபின் அக்கோபுரத்துக்கு எஞ்சியிருந்த உறவினர் கடலில் இருந்தவர்கள்தாம். அனுமதிக் கோப்பில் அவர்களுடைய சொல்லுக்கு எடை இல்லாமற் போயிற்று.

கோடியக்கரையின் கதை வேறுவகை. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று அவ்வட்டாரம் வழங்கிவந்த பழைய செங்கற் கோபுரத்தின் எச்சத்தை 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை சாய்த்துவிட்டது. கடலுக்கு வழிகாட்டியதைக் கடலே எடுத்துக்கொண்டது. இதில் எவரிடம் போய் முறையிடுவது?

மாமல்லபுரத்தில் குன்றின்மேல் நிற்கும் ஒலக்கணேசுவரர் கோயிலைப் பற்றியும் இங்கே ஒரு சொல். பல்லவர் கட்டிய கலங்கரை விளக்கம் என்று சுற்றுலா வழிகாட்டிகள் அதைக் காட்டுகிறார்கள். அஃது இராசசிம்மன் காலத்துச் சிவன் கோயில். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில அரசு அதன் தளத்தின்மேல் விளக்கு வைத்தது; பின்னர்ப் பக்கத்திலேயே கருங்கல்லால் தனிக்கோபுரம் எழுப்பியது. கோயிலின் மேல் சில ஆண்டுகள் எரிந்த விளக்கு, கோயிலின் பெயரையே விழுங்கிவிட்டது. நீர்ப்பெயற்று என்பது மாமல்லபுரமே என்று கொள்வோரும் உளர். அது மெய்யாயின், கூரை வேயாத அந்தப் பழைய மாடம் இக்குன்றுகளுள் ஒன்றில்தான் இருந்திருக்கவேண்டும்.

இனிச் சென்னைக்கு வருவோம். துறைமுகம் இல்லாத இடத்தில் தோன்றிய துறைமுகப் பட்டினம் அது. 1639 முதல் இருநூறாண்டுகளுக்கு மேலாகக் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டிச் சென்று ஆளையும் சரக்கையும் இறக்கிவந்தன. படகு செல்லமுடியாத நாளில் கட்டுமரக்காரர் கடிதங்களை எடுத்துச்சென்றனர். செயற்கைத் துறைமுகத்துக்கு எழுப்பிய சுவர்களையும் 1881-ஆம் ஆண்டுப் புயல் கலைத்தது. இத்தகைய கரையில் இரவில் வரும் கப்பலுக்கு, ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரு விளக்கு எத்துணை இன்றியமையாதது என்று சொல்லவேண்டியதில்லை. ஆயினும் 1796 வரை அது வரவில்லை. அவ்வாண்டில் ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாயிருக்கும் கட்டடத்தின் மேல்தளத்தில், தேங்காயெண்ணெயில் திரியிட்டு முதல் விளக்கு ஏற்றப்பட்டது. நம் வீட்டுப் பிறையில் எரிந்த எண்ணெய்தான் கும்பினியாரின் கப்பல்களையும் அழைத்தது.

இரண்டாவது விளக்குக்காகக் கோட்டைக்கு வடக்கே 125 அடி உயரக் கருங்கல் தூண் எழுந்தது. 1838-இல் வேலை தொடங்கி 1844-இல் ஒளி பெற்ற அது, கிரேக்கப் பாணித் தூண். கோயில் வேலை பயின்ற நாட்டில் அன்னியப் பாணியில் நிமிர்ந்த அத்தூணை அழகென்பாரும் உண்டு. எனக்கு அது மேலே தாங்குவதற்கு எதுவும் இல்லாத ஒற்றைத் தூணாகவே தோன்றும். பின்பு அதன் அருகிலேயே உயர்நீதிமன்றம் எழுந்து 1892-இல் திறக்கப்பட்டது. அதன் குவிமாடக் கோபுரம் தூணைக் காட்டிலும் உயர்ந்ததால், 1894-இல் விளக்கு அங்கே குடிபெயர்ந்தது. கீழே வழக்கு, மேலே வெளிச்சம் என்று எண்பது ஆண்டுகளுக்கு மேல் சென்னை வாழ்ந்தது. 1977 ஜனவரியில் மெரினாவின் தென்கோடியில் நான்காவது கோபுரம் செயற்படத் தொடங்கியது. பாதுகாப்புக் கருதி 1990-களில் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்த அது, 2013-இல் மீண்டும் திறக்கப்பட்டது.

இம்மூன்றாம் விளக்கின் காலத்தில்தான் 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு வந்தது. ஐரோப்பாவில் போர் மூண்டு ஏழு வாரங்கள் ஆகியும் சென்னை தன் விளக்குகளை அணைக்கவில்லை. கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் இருளில் நெருங்கி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிபார்த்துச் சுட்டது. தொட்டிகள் எரிந்தன, கரையிலிருந்து பீரங்கிகள் விடை கூறியும் அது தப்பி விலகிவிட்டது. அடுத்த நவம்பர் 9-இல் கொக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலால் அதன் கதை முடிந்தது. ஆனால் எம்டன் என்னும் சொல் தமிழில் தங்கிவிட்டது. ‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் பாட்டிமார் சொன்னபோது ஒரு கப்பலை நினைத்தா சொன்னார்கள்? உயர்நீதிமன்ற வளாகத்தின் கிழக்கு மதிலில் குண்டு விழுந்த நினைவைக் கூறும் பலகை உண்டு. கலங்கரை விளக்கத்தை உவமையாக எடுத்தாளும் கவிஞர்கள் அப்பலகையை ஒருமுறை படித்துவரலாம். விளக்கு கலத்தைத்தான் அழைக்கும். கலத்துக்குள் யார் இருக்கிறார் என்று அது பார்ப்பதில்லை.

எரிந்துகொண்டே இருக்கும் விளக்கு, மற்றொரு விளக்கிலிருந்து தன்னை வேறுபடுத்திக் காட்டமுடியாது. பிரெஞ்சுக்காரர் அகஸ்டின் ஃபிரெனல் வளையம் வளையமாகக் கண்ணாடி அடுக்கிய வில்லையை 1823-இல் கோர்துவான் கோபுரத்தில் நிறுவியபின், சிறு சுடரின் ஒளியும் கற்றையாகி நெடுந்தொலைவு சென்றது. வில்லை சுழலச் சுழல, ஒளி வந்து வந்து மறைந்தது. இத்தனை நொடிக்கு ஒருமுறை, இத்தனை மின்னல் என்று ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு தாளம் விதிக்கப்பட்டது. மாலுமி கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணி, விளக்குப் பட்டியலைப் புரட்டி, தான் எங்கே இருக்கிறோம் என்று அறிவான். ஒளியை அசையாகவும் இருளை இடைவெளியாகவும் கொண்ட யாப்பு இது. தளை தட்டினால் இங்கே பழிப்பு வருவதோடு நில்லாது. கப்பல் பாறையில் ஏறும்.

அப்படித் தளை தட்டிய நிகழ்ச்சி 1971-இல் டோவர் நீரிணையில் நடந்தது. கோபுரத்தின் ஒளி தொலைவிலிருப்போர்க்கு; கால்வாயின் ஓரத்தையும், மணல்திட்டையும், மூழ்கிய கப்பலையும் காட்டுவன நங்கூரத்தில் கட்டிய மிதவைகள். அந்த ஜனவரி 11-ஆம் நாள் ‘டெக்சாகோ கரீபியன்’ என்னும் எண்ணெய்க் கப்பலும் ‘பராக்காஸ்’ என்னும் சரக்குக் கப்பலும் மோதின. எண்ணெய்க் கப்பல் வெடித்து மூழ்கியது. மறுநாள் ‘பிராண்டன்பர்க்’ என்னும் ஜெர்மானியக் கப்பல் அச்சிதைவின்மேல் ஏறி மூழ்கியது. உடனே அவ்விடத்தைச் சுற்றி விளக்குக் கப்பலையும் மிதவைகளையும் நிறுத்தினர். பிப்ரவரி 27-ஆம் நாள் ‘நிகி’ என்னும் கிரேக்கக் கப்பல் அவற்றுக்கு நடுவே வந்து, அதே சிதைவில் மோதி, தன் மாலுமிகள் அனைவரோடும் ஆழ்ந்தது. மூன்று நிகழ்ச்சிகளிலுமாக மாண்டவர் 51 பேர். எச்சரிக்கை இல்லாமல் அவர்கள் மாளவில்லை. கடைசியாக மாண்டவர்களைச் சுற்றி எச்சரிக்கைகள் மிதந்துகொண்டுதான் இருந்தன.

அந்நாளில் உலகக் கடல்களில் முப்பதுக்கும் மேற்பட்ட மிதவை முறைகள் வழக்கில் இருந்தன. ஒரு நாட்டில் இடப்பக்கம் என்று பொருள்பட்ட நிறம் மற்றொரு நாட்டில் வலப்பக்கம் என்று பொருள்பட்டது. நம் தொல்காப்பியர் வட்டார வழக்குக்குத் திசைச்சொல் என்று இடம் ஒதுக்கித் தந்தார். கடலில் அது உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன்பின் கலங்கரை விளக்க அதிகாரிகளின் பன்னாட்டுச் சங்கம் முனைந்து 1977 முதல் ஒரு பொதுமுறையை நடைமுறைக்குக் கொணர்ந்தது. 1980-இல் தோக்கியோ மாநாட்டில் உலகம் ஒத்துக்கொண்டது. அப்போதும் முழு ஒற்றுமை வாய்க்கவில்லை. துறைமுகத்துள் நுழையும்போது இந்தியா உள்ளிட்ட பெரும்பாலான நாடுகளில் சிவப்பு மிதவை இடப்பக்கம் இருக்கும். அமெரிக்கக் கண்டங்களிலும் ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் நாடுகளிலும் அது வலப்பக்கம் இருக்கும். உலகை இரு பாகமாகப் பிரித்துச் சமாதானம் செய்துகொண்டார்கள்.

இம்முறையில் என் மனத்தைக் கவர்ந்தது, ஆபத்துக்கு எத்திசையில் ஒதுங்கிச் செல்லவேண்டும் என்று சொல்லும் மிதவைகள். கறுப்பும் மஞ்சளும் பூசிய அவற்றின் தலையில் இரண்டு கறுப்புக் கூம்புகள் இருக்கும். இரண்டும் மேல்நோக்கினால் வடக்கு; இரண்டும் கீழ்நோக்கினால் தெற்கு; அடியோடு அடி சேர்ந்தால் கிழக்கு; முனையோடு முனை சேர்ந்தால் மேற்கு. இரவில் அவை கடிகாரமாகிவிடும். மூன்று மணி இருக்கும் கிழக்குக்கு மூன்று மின்னல். ஆறு மணியாகிய தெற்குக்கு ஆறு மின்னலும் எண்ணிக்கை தவறாதிருக்க ஒரு நீண்ட ஒளியும். ஒன்பது மணியாகிய மேற்குக்கு ஒன்பது. வடக்குக்கு இடைவிடாத மின்னல். மொழி தெரியாத மாலுமியும் கடிகாரம் தெரிந்தவனாயிருப்பான் என்று எண்ணிய அந்தப் பெயர் தெரியாத மூளையை நான் வணங்குகிறேன். புதிதாக மூழ்கிய கப்பலைச் சுட்டுவதற்கென்றே நீலமும் மஞ்சளும் கலந்த மிதவை ஒன்று 2006-இல் சேர்க்கப்பட்டது.

இவையெல்லாம் பட்டியலில் எழுதப்பட்ட அடையாளங்கள். எழுதப்படாதவையும் உண்டு. குமரி, திருவனந்தபுரம் கரைகளின் மீனவர் கணிச்சம் என்றொரு முறையைக் கையாண்டனர். கடலில் மீன் மிகுந்த பாறையை மீண்டும் கண்டடைவதற்கு, கரையில் தெரியும் ஒரு கோயிற் கோபுரத்தையும் அதன் பின்னே உள்ள மலைமுகட்டையும் ஒரு நேர்கோட்டில் பிடிப்பர். வேறொரு திசையில் ஒரு பனைமரத்தையும் தேவாலய முகட்டையும் இன்னொரு நேர்கோட்டில் பிடிப்பர். இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் தூண்டில் இறங்கும். துறைமுகங்களில் முன்னொன்றும் பின்னொன்றுமாக விளக்குகளை நட்டு, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும் பாதையில் வா என்று கப்பலுக்குச் சொல்லும் ஏற்பாடும் இதே கணக்குத்தான். அங்கே பொறியாளர் நட்டனர். இங்கே, பிறர் வேறு நோக்கத்துக்கு எழுப்பியவற்றைத் தம் விளக்காக்கிக்கொண்டனர். அவ்விடங்களைத் தந்தை மகனுக்குச் சொன்னார். பக்கத்துப் படகுக்காரனுக்குச் சொல்லவில்லை. செயற்கைக்கோள் வழிகாட்டும் கைக்கருவிகள் படகுகளுக்கு வந்தபின் அந்தக் கோடுகளைக் கண்ணால் பிடிப்பவர் முதியவர்களே. கரையிலும் அடுக்குமாடிகள் எழுந்து மலைமுகட்டை மறைக்கின்றன, பனைகள் வெட்டப்படுகின்றன. ஒரு மரம் விழும்போது அதைக் கணிச்சமாகக் கொண்ட பாறையின் வழியும் அதனோடு போய்விடும்.

நாகையில் அத்தகைய கோடுகளைப் பிடித்தவர்கள் இருந்தார்களென்றால், கடலிலிருந்து நெடுந்தூரம் தெரிந்த புதுவெளிக் கோபுரத்தை அவர்கள் விட்டுவைத்திருக்க மாட்டார்கள். 1867-இல் செங்கல் செங்கல்லாக அது இறங்கியபோது, அதை ஒரு முனையாகக் கொண்டு வலை வீசி வந்தவர்கள் மறுநாள் கடலில் நின்று எந்த மரத்தைப் பிடித்தார்களோ!